சம்பந்தியம்மாவும் குடைக்காரியும்

மார்ச் 2

மதிப்புக்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவன் எழுதிக்கொள்வது. நலம். நீங்கள் நலமா என்று கேட்கத்தான் போன் செய்தேன். மணி அடிக்கவே இல்லை. செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டது. சரி, விளையாட்டுக்குள் போய்க் கூப்பிடலாம் என்று பார்த்தால் நண்பர்கள் வரிசையில் 'பூனைக்கண்' இல்லை. நீங்கள் வைத்துக்கொண்ட அந்தப் பெயரை மேலும் கீழும் தேடிக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். இருந்த வாசலையெல்லாம் பிளாக் செய்தவர், தபால்பெட்டியை மறந்துவிட்டீர்கள். அது வழியாக நுழைந்திருக்கிறேன்.

முதலில் என் மகளைத்தான் தூது அனுப்பப் பார்த்தேன். "அப்பா, அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் நீங்க. நடுவுல நின்னு பந்து பொறுக்கிப் போட நான் ஆள் இல்ல. ரெண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியும்தானே, எழுதிக்கோங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வளர்ப்பு சரியில்லை. வளர்த்தது நான்தான்.

என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. லிஃப்ட் நின்றுபோனால் நான் கீழ்க்குழியிலிருந்து பார்த்துக்கொண்டே மேலே போவேன். இதையும் அப்படியே பார்க்கிறேன்.

இந்த 'ஏழு கோட்டை' சீட்டாட்டத்தை நம் இருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தது மாப்பிள்ளை. நமக்குப் பொழுது போகட்டும் என்று அவர் சொன்னார். நாம் இரண்டு பேரும் அவர்கள் வீட்டுச் சமையலறையில் தலையிடாமல் இருக்கட்டும் என்றுதான் ஏற்றினார் என்பது என் மனைவியின் கட்சி. எதுவாக இருந்தாலும் பலித்துவிட்டது. நான் இஸ்பேட் ராணியும் ஜோக்கரும் வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். வந்ததோ ஒரு மீசைக்காரன், ஒரு தவளை, தீப்பந்தம் பிடித்த இரண்டு பேர். நம் கோட்டையின் கற்களை எதிராளி உதிர்த்துவிட்டால் நாம் தோற்றோம். கோட்டைக்கு முன்னால் காவலாள் நின்றால் முதலில் அவனை வீழ்த்த வேண்டும். என் ஞானம் இவ்வளவுதான். சீட்டுக்கட்டை மாப்பிள்ளையே சேர்த்து, ஒரு குறியீடாக அனுப்பிவிடுவார். நான் அதை ஒட்டிவிட்டு ஆடுவேன்.

இதை வைத்துக்கொண்டு போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். முதல் போட்டியில் 'வந்துவிட்டேன்' பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரியாமல், கல்யாண மண்டபத்து வாசலில் யாராவது "வாங்க" என்பார்கள் என்று நிற்கிறவனைப்போல நின்று, ஆடாமலே தோற்றேன். அடுத்ததில் ஆளுக்கு மூன்று கட்டு கொண்டுபோக வேண்டும், எதிராளி அதில் ஒன்றைத் தள்ளிவைப்பான் என்று தெரியாமல், ஒரே கட்டோடு போய் அதையும் பறிகொடுத்தேன். "பொறுமையா விதியப் படிங்க சம்பந்தி" என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த நன்றி எனக்கு உண்டு.

அப்புறம் என்ன ஆயிற்று? அதற்கடுத்த போட்டியில் யார் யாரோ கழிந்து, மண்டபத்தில் எல்லார் முன்னாலும் ஆடுகிற மேடைச் சுற்றுக்கு ஒரே ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு மோதப்போவது யார் என்று திரை காட்டியபோது ஒரு பக்கம் 'லிஃப்ட்காரர்', மறுபக்கம் 'பூனைக்கண்'. ஆளுக்கு ஓர் ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். நான் குடும்பக் குழுவில், "சம்பந்தியம்மாவுக்காக விட்டுக்கொடுத்தேன். பெண்ணைக் கொடுத்தவன் மாப்பிள்ளையின் அம்மாவைத் தோற்கடித்தால் நன்றாகவா இருக்கும்?" என்று போட்டு, பக்கத்தில் ஒரு கும்பிடும் வைத்தேன். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? கும்பிடு வைத்தேனே, அதைப் பார்க்கவில்லையா?

பதில் எதிர்பார்க்கும்,
சம்பந்தி


மார்ச் 6

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில் ஒரு புகார். ஒரு பக்கத்துக்கு எட்டு வரி எழுதுகிறீர்கள். ஒவ்வோர் எழுத்தும் கடைப்பலகைக்கு எழுதியதுபோல இருக்கிறது. தபால்காரர் உறையைத் தூக்கிப் பார்த்து, "புத்தகங்களா?" என்று கேட்டார். காகிதம் என்ன மாமனார் வீட்டுச் சீதனமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் என்னிடம் தோற்றதற்காக நான் உங்களை பிளாக் செய்யவில்லை. தோற்றேன் என்று சொல்லாததற்காகச் செய்தேன்.

அந்த மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டில் யாரும் இல்லை. எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டினேன். எதிர்வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கொசு அடிக்கிறேன் என்று நினைத்துத் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அது பற்றிக் கவலையில்லை. அவ்வளவு சந்தோஷம். அந்தக் கை இறங்குவதற்குள் உங்கள் செய்தி வந்தது. விட்டுக்கொடுத்தேன், கும்பிடு.

நம்பாமல் ரீப்ளே போட்டுப் பார்த்தேன். ரீப்ளேயில் இரண்டு பேர் கையும் தெரியும். என் கோட்டையில் மூன்றே கல் இருக்கிறது. என் காவலாட்கள் இரண்டு பேர் முன்னால் நிற்கிறார்கள். உங்கள் கையில் வானத்தூதி இருக்கிறாள். அவள் காவலாட்களைத் தாண்டிப் போய் நேராகக் கோட்டையை அடிப்பவள். ஓர் அடி, ஆட்டம் முடிந்திருக்கும். நீங்கள் அவளை இறக்கவே இல்லை. முறை வருகிறது, போகிறது, அவள் கையிலேயே இருக்கிறாள். கடைசியில் இறக்கினீர்கள். இறக்கி, காவலாளை அடிக்க விட்டீர்கள். அதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? நீங்கள் சொன்னது உண்மைதான்.

போட்டி விதியில் ஒரு பகுதி இருக்கிறது. தெரிந்தவருக்காக வேண்டுமென்றே தோற்றால் இரண்டு பேரையும் நீக்குவார்கள். நீங்கள் படித்திருக்கமாட்டீர்கள். மேடைச் சுற்றுக்கு வருகிறேன் என்று இருபத்தைந்தாம் தேதிக்குள் உறுதி சொல்ல வேண்டும். அதற்கு முன் நானே அவர்களுக்கு எழுதி, இடம் வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்வது என் தொழில். என்னை யாரும் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதில்லை. மேடையில் ஏறி உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை. அதையும் நீங்கள் மரியாதைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டீர்கள். அந்த ஆட்டத்தில் மாப்பிள்ளையின் அம்மா என்று யாரும் உட்காரவில்லை சம்பந்தி. பூனைக்கண் உட்கார்ந்திருந்தாள்.

இப்படிக்கு,
அவளே


மார்ச் 9

சம்பந்தியம்மா,

ஐயையோ, எழுதிவிடாதீர்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் எழுதியிருந்தால் தபால்காரர் காலில் விழுந்தாவது திரும்ப வாங்குங்கள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றேன். சுத்தமாக, முழுசாக, அப்பழுக்கில்லாமல் தோற்றேன். மாப்பிள்ளை, மகள், என் மனைவி, என் மனைவியின் தங்கை எல்லாரும் இருக்கிற குழுவில் தோற்றேன் என்று எழுத விரல் வரவில்லை. 'விட்டுக்கொடுத்தேன்' என்பது தன்னால் வந்தது.

அன்றைக்கு ஆடியது வீட்டில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காமல் ஒரு குடியிருப்பில் லிஃப்ட் நின்றுவிட்டது. மொட்டைமாடி மோட்டார் அறையில் பிரேக்கைச் சரிசெய்துவிட்டு, சுற்று ஆரம்பித்ததால் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். காவல்காரர் படியேறி மூச்சிரைக்க வந்தார்.

"அண்ணே, லிஃப்ட் எப்ப ஓடும்?"

"என் முறை முடியட்டும்."

"யாரு முறை?"

"இப்ப அவங்க முறை."

"கீழ ஒரு அம்மா தையல் மிஷினத் தூக்கிக்கிட்டு நிக்கிறாங்கண்ணே."

"அந்தம்மாவ உக்காரச் சொல்லுங்க. இங்க என் சம்பந்தியம்மா என்னை உக்காரவே விடல."

இதில் விட்டுக்கொடுக்க எனக்கு எங்கே நேரம்? வியர்த்து வழிந்து, உயிரைக் கொடுத்து ஆடினேன். நீங்கள் வானத்தூதி என்று யாரையோ சொல்கிறீர்கள், அப்படி ஒருத்தி என் கட்டில் இருப்பது உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். என் கையில் இருந்தது குடைக்காரி. மாப்பிள்ளை போட்டிக்கு முந்தின வாரம் புதிதாகச் சேர்த்தது. குடை பிடித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள், இவளால் என்ன ஆகப்போகிறது, மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கையிலேயே வைத்திருந்தேன். வேறு சீட்டு தீர்ந்துபோனதும் இறக்கினேன். இவ்வளவுதான் நடந்தது.

என் மனைவியைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தின் சங்கதியைச் சொன்னேன். ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா விட்டுக்கொடுத்தீங்க? பஸ்ல ஜன்னல் சீட்டையே விட்டுக்கொடுத்ததில்ல" என்றாள். இதைவிட ஒரு நற்சாட்சி எந்த நீதிமன்றத்தில் கிடைக்கும்?

நான் முட்டாள், சம்பந்தியம்மா. தயவுசெய்து நம்புங்கள். உங்கள் இடம் உங்களுடையது.

இப்படிக்கு,
தோற்றவன்


மார்ச் 13

சம்பந்திக்கு,

இன்னும் எழுதவில்லை. ஆனால் நான் நம்பவும் இல்லை.

இந்த விளையாட்டில் குடைக்காரி என்று ஒரு சீட்டு கிடையாது. இருக்கிற எல்லாச் சீட்டையும் தேடிவிட்டேன். வானத்தூதி முதுகில் விரிந்திருப்பது இறக்கை. கண் இருக்கிற எவனும் அதைக் குடை என்று சொல்லமாட்டான். படத்துக்குக் கீழே இரண்டு வரியில் அவள் என்ன செய்வாள் என்று எழுதியே இருக்கிறது. நீங்கள் விட்டுக்கொடுத்தீர்கள், நான் இடத்தைத் திருப்பிக் கொடுக்கப்போகிறேன் என்றதும் பயந்துபோய், என் இடத்தைக் காப்பாற்ற முட்டாள் வேஷம் கட்டுகிறீர்கள். முதலில் சொன்னது பெருமைக்காக இருந்தாலும் உண்மை. இப்போது சொல்கிற பொய்யும் மரியாதையில் போய் முடிகிறது. உங்கள் மரியாதையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, ஃபிரேம் போட்டு மாட்டுவதா?

இந்த வேஷம் எனக்குப் புதிதில்லை. நேற்றுக்கூட வாடகைக் கார் ஓட்டுகிறவர் ஒருவர் கடைக்கு வந்தார். கண் பரிசோதனைப் பலகையில் இருக்கிற எழுத்தையெல்லாம் கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம். பலகையைத் திருப்பி, வேறு எழுத்து இருக்கிற பக்கத்தைக் காட்டினேன். அவர் அதே எழுத்துகளை அதே கடகடவோடு மறுபடியும் ஒப்பித்தார்.

"அண்ணே, பலகைய மாத்திட்டேன்" என்றேன்.

"அதான பாத்தேன். என்னடா இது, புதுசா இருக்கேன்னு."

"பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. போன தடவை எழுதி வச்சு மனப்பாடம் பண்ணேன். வீட்ல சொல்லிராதீங்க."

கடை முதலாளி சிரித்துச் சிரித்துக் கல்லாவில் சாய்ந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆள் கார் ஓட்டிக்கொண்டுதான் கடைக்கு வந்திருந்தார். பவர் எழுதிக் கொடுத்து, கண்ணாடி கைக்கு வரும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினேன். அவர் போன பிறகு உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.

சரி. ஒரு வாய்ப்புத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை திறந்த போட்டி ஒன்று இருக்கிறது, யாரும் சேரலாம். அதில் ஆடுங்கள். ரீப்ளே பார்த்து முடிவு செய்கிறேன்.

பூனைக்கண்

[இதற்குக் கீழே, தாளின் ஓரத்தோடு ஓரமாக, பென்சிலில், எறும்பு ஊர்வதுபோல் மிகப் பொடி எழுத்தில்:]
சம்பந்தி, இந்த வரியைப் படிக்க முடிந்தால் உடனே போன் செய்யுங்கள். பிளாக்கை எடுத்துவிட்டேன். பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.


மார்ச் 17

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முட்டாள் என்று நிரூபிப்பது இவ்வளவு சிரமம் என்று முன்னமே தெரிந்திருந்தால் கொஞ்சம் புத்திசாலியாகவே இருந்து தொலைத்திருப்பேன்.

நீங்கள் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். இந்த முறை 'வந்துவிட்டேன்' பொத்தானை முதல் ஆளாக அழுத்தினேன். முதல் சுற்றில் என் எதிராளி அதை அழுத்தவில்லை. ஆகவே நான் ஜெயித்தேன். தோற்றுக்காட்ட வேண்டும் என்று போனவன் கழுத்தில் வெற்றி வந்து விழுகிறது. என் ராசி அப்படி. இரண்டாவது சுற்றில் ஒரு கெட்டிக்காரன் மாட்டினான். மனசாட்சிக்கு விரோதமில்லாமல் என்னால் முடிந்தவரை ஆடினேன். அந்தக் குடைக்காரி, நீங்கள் சொல்கிற தூதி, ஒரு தடவை கைக்கு வந்தாள். நீங்கள்தான் அவள் தாண்டுவாள் என்று எழுதிவிட்டீர்களே, இறக்கிக் கோட்டைமேல் விட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உங்கள் தூதி இல்லையாம், அவளைப்போலவே இருக்கிற வேறொருத்தியாம். அவள் கையில் இருப்பது நிஜமாகவே குடையாம், பெயரில்தான் குடை இல்லையாம். கோட்டையை அடிக்காமல் என் தவளையைக் குளிப்பாட்டினாள். தோற்றேன்.

மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். போன் செய்தார். "மாமா, நடிச்சாலும் ஒரு அளவு வேணும். இவ்வளவு மோசமா யாராலயும் ஆட முடியாது."

"மாப்பிள்ளை, இது நடிப்பில்ல. இதுதான் நான்."

"அம்மாகிட்ட அப்படிச் சொல்லாதீங்க, நம்ப மாட்டாங்க."

வாழ்க்கை முழுக்க முட்டாள் பட்டம் கேட்காமலே கிடைத்தது. வேண்டும் என்று கையேந்தும்போது ஒரு குடும்பமே தரமாட்டேன் என்கிறது. என் மனைவி ஒருத்திதான் ஆரம்பத்திலிருந்து என் பக்கம்.

இருபத்தைந்தாம் தேதி நெருங்குகிறது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் மேடை ஏறாமல் போனால், இனி நம் வீடுகளில் நடக்கிற எந்த விசேஷத்திலும் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? உங்களைப்போல ஆடுகிற ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அது என் ஒரு வரிச் செய்தியால்தான். நானே போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதட்டுமா, "இந்த ஆள் ஒரு மடையன், இதில் சம்பந்தியம்மாவுக்குச் சம்பந்தமில்லை" என்று? சொல்லுங்கள், எழுதுகிறேன்.

இவ்வளவு கோபத்திலும் கடிதத்தின் அடியில் பென்சிலால் மெல்லிசாக ஒரு பூவேலைக் கரை போட்டிருக்கிறீர்கள். அழகாக இருந்தது. உங்களுக்கு இப்படியொரு கைவேலை இருப்பது தெரியாது.

நம்ப வேண்டும் என்று கெஞ்சும்,
சம்பந்தி


மார்ச் 20

அன்புள்ள சம்பந்திக்கு,

அது பூவேலை இல்லை.

கடைக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி அதைப் படியுங்கள். வேண்டாம், போகாதீர்கள், இந்த உறையோடு வருகிற பெட்டியைத் திறங்கள். உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் உங்கள் படத்தை வைத்து முகத்தின் அகலம் எடுத்தேன். உங்கள் வயதையும், கையை எவ்வளவு தூரம் நீட்டுகிறீர்கள் என்பதையும் வைத்துப் பவர் போட்டிருக்கிறேன். கண் டாக்டரிடம் போய் ஒழுங்காகப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இது அதுவரைக்கும்.

அந்தப் பென்சில் வரியில் பிளாக்கை எடுத்துவிட்டேன், போன் செய்யுங்கள் என்று எழுதியிருந்தேன். நீங்கள் படித்திருந்தால் என்னைக் கூப்பிடாமல் இருந்திருக்கமாட்டீர்கள். கூப்பிட்டிருந்தால், சீட்டையும் படித்துவிட்டு வேண்டுமென்றேதான் தோற்றீர்கள் என்று முடிவு செய்திருப்பேன். வாய் சும்மா இருக்கிற ஆள் இல்லை. நாலு நாள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு நிம்மதி கூடிக்கொண்டே வந்தது. ஒரு மனிதருக்குக் கண் தெரியவில்லை என்று இவ்வளவு சந்தோஷப்பட்டவள், என் தொழிலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கடைசியில் நீங்கள் கரையைப் பாராட்டிக் கடிதமே எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் அந்தச் சீட்டைப் படிக்கவே இல்லை. எந்தச் சீட்டையும் படித்ததில்லை. மங்கலாகப் படம் பார்த்து, மீசை, தவளை, குடை என்று அடையாளம் வைத்துக்கொண்டு, கடைசிச் சுற்றுவரை வந்திருக்கிறீர்கள். எரிச்சலாக இருக்கிறது, சம்பந்தி. இத்தனை சுற்று நான் விதியைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தேன். நீங்கள் தடவிக்கொண்டே வந்து, என் கோட்டையில் மூன்று கல் மிச்சம் வைத்தீர்கள்.

போட்டிக்காரர்களுக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன், உங்கள் பூவேலை வரி உட்பட. பதில் வந்துவிட்டது. ஒருவர் தன் சீட்டைப் படிக்காமல் ஆடுவது விதிமீறல் இல்லையாம், அவர் இஷ்டமாம். மேடைக்கு வருகிறேன் என்று உறுதி சொல்லிவிட்டேன்.

கண்ணாடி ஏன் போடவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும். சம்பந்தம் பேச நாங்கள் வந்த அன்று, நான் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன் என்றதும், "எங்க பரம்பரையிலயே யாருக்கும் கண்ணாடி கிடையாதுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினீர்கள். சொல்லிக்கொண்டே ஜாதகத்தை வாங்கி, முழுக்கையை நீட்டிப் பிடித்து, என் மகன் பெயரைத் தப்பாகப் படித்தீர்கள். என் மகன் வாயைத் திறக்கப்போனான். நான் அவன் காலை மிதித்தேன்.

அன்றைக்கு விட்டுக்கொடுத்தது நான். குழுவில் போடவில்லை.

பின்குறிப்பு: உங்கள் கையால் பழுதுபார்த்த லிஃப்டில் நான் ஏறியிருக்கிறேன், இனி படிக்கட்டுதான். கண்ணாடி போடாமல் இனி ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

அன்புடன்,
சம்பந்தியம்மா


ஏப்ரல் 7

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மறுபடியும் பிளாக் செய்துவிட்டீர்கள். ஆகவே மறுபடியும் தபால்பெட்டி.

கண்ணாடி கச்சிதமாகப் பொருந்தியது. போட்டதும் முதல் வேலையாக விளையாட்டைத் திறந்து எல்லாச் சீட்டையும் படித்தேன். ஒவ்வொன்றின் கீழும் இவ்வளவு சங்கதி இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தீப்பந்தம் பிடித்த இரண்டு பேர் தீப்பந்தம் பிடிக்கவில்லை, அது பூங்கொத்து, அவர்கள் காயம் ஆற்றுகிறவர்கள். இத்தனை நாளும் அவர்களை முன்வரிசையில் சண்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏன் தினமும் செத்தார்கள் என்று இப்போது விளங்குகிறது. சாப்பாட்டு மேசையில் என் மனைவியைப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தேன். முறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மேடைச் சுற்றுக்கு வருகிறேன் என்று உங்களிடம் சொல்லாமல் வந்தேன். பின்வரிசையில் உட்கார்ந்தேன். உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மேடை ஒரே புகை. பெட்டிக்குள் நீங்கள் வைத்திருந்த துண்டுச்சீட்டு ஞாபகம் வந்து எடுத்துப் பார்த்தேன். "கிட்டத்தில் பார்க்க மட்டும்" என்று எழுதியிருந்தது. அதைப் படிக்கக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. படித்ததும் கழற்ற வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தவருக்கு நான் எதற்கோ சைகை காட்டுகிறேன் என்று சந்தேகம் வந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்.

கழற்றிய பிறகு எல்லாம் தெரிந்தது. பெரிய திரையில் உங்கள் சீட்டெல்லாம் ஆள் உயரத்துக்கு. எதிரே கழுத்தில் ஹெட்போன் மாட்டிய ஒரு பெண், உங்கள் மகனைவிடச் சின்னவள். நீங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த திண்டை முதுகுக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் பின்னாலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். முதல் ஆட்டத்தில் அவள் காவலாள்மேல் காவலாளாக நிறுத்தினாள். நீங்கள் அவசரப்படவில்லை. வானத்தூதியை இறக்கினீர்கள். அவள் எல்லார் தலைக்கும் மேலே பறந்து போய்க் கோட்டையை அடித்தாள். சிரித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் தள்ளி உட்கார்ந்தவரைத் தேடிப் போய், "மேடையில இருக்காங்களே, எங்க சம்பந்தியம்மா" என்றேன். அவர், "அப்படியா, வாழ்த்துகள்" என்று சொல்லி இன்னொரு நாற்காலி தள்ளினார்.

அடுத்த இரண்டு ஆட்டத்திலும் நீங்கள் தோற்றீர்கள். நான் ஒன்று கவனித்தேன். தோற்றதும் அந்தப் பெண்ணிடம் கை கொடுத்து, அவள் என்னமோ கேட்டதற்கு, "இல்லம்மா, நீதான் நல்லா ஆடின. நான் தோத்துட்டேன்" என்றீர்கள். ஒலிவாங்கி இன்னும் திறந்திருந்தது, மண்டபம் முழுக்கக் கேட்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்கிறீர்கள் அந்த வார்த்தையை. ஒரு நாள் குழுவில் அதை எழுத முடியாமல் நான் உங்களை என்ன பாடு படுத்திவிட்டேன்.

இனி நேற்றைய விஷயம். மண்டப வாசலில் நீங்கள் என்னைப் பார்த்துவிட்டு, "வந்ததே வந்தீங்க, ஒரு ஆட்டம் போடுவமா" என்று கேட்டபோது நான் படித்துவிட்டு வந்திருப்பது உங்களுக்குத் தெரியாது. நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்து ஆடினோம். நான் ஜெயித்தேன். ஜெயித்தது தப்பில்லை. பஸ் ஏறியதும் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டது தப்பு. அதற்குக் கீழே "இந்த முறை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதியது பெரிய தப்பு. கும்பிடு வைத்ததை மன்னிக்கவே முடியாது, ஒத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரர்

[இதற்குக் கீழே, தாளின் ஓரத்தோடு ஓரமாக, பென்சிலில், மிகப் பொடி எழுத்தில்:]
கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படிக்க முடிந்தால் பிளாக்கை எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறு ஆட்டம். மூன்று கட்டு கொண்டுவாருங்கள். மரியாதை கிடையாது.